ஆடியில் கேட்டது, ஆவணியில் சொன்னது

"ஆடி முடிஞ்சி இங்க திரும்பி வர உனக்கு இஷ்டந்தானா? நெஜத்த சொல்லு."

சமையல்கட்டில் நிற்க வைத்து அத்தை இப்படிக் கேட்டாங்க. அத்தை என்றால் என் மாமியார். கல்யாணம் ஆகி எனக்கு அது முதல் ஆடி. என்னை அழைத்துப் போக அம்மாவும் நைனாவும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் பெட்டி வாசப்படி பக்கத்தில் இருந்தது.

நான் "தெரியல" என்றேன்.

நெஜத்தைத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையால் நான் தாய் வீட்டோடு நின்றுபோக இருந்தேன்.

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். ஊர் தேசூர். எங்கள் வீட்டில் ஒரு தறி. ஆரணி முதலாளி ஒருத்தருக்குப் பட்டுச் சேலை நெய்து கொடுத்தோம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று சேலை நெய்தால் தறிக்கு ரெண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் உடலையும் ஒரு பக்கத்துக் கரையையும் பார்த்துக்கொள்வார். அடுத்த பக்கத்துக் கரைக்கு இன்னொருத்தர் கூடவே உட்கார்ந்து நாடா போடணும், அதாவது ஊடு நூல் சுற்றிய கட்டையைக் குறுக்கே விடணும். ரெண்டு கையும் ஒரே இழுப்பாக இழுக்கணும். ஒரு கை இறுக்கி ஒரு கை விட்டால் கரை கோணிக்கொள்ளும். எந்தக் கடைக்காரரும் அதை எடுக்க மாட்டார்.

அதனால் நெசவு வீட்டில் பெண் எடுக்கும்போது கையைத்தான் முதலில் பார்ப்பார்கள். என் கையும் நல்ல கை. அதைப் பார்த்து என்னை எடுத்தார்கள். வாயைப் பார்க்கவில்லை.

தை மாசம் கல்யாணம். என்னை ஆரணிக்கு அனுப்பும்போது அம்மா அழுதாள். தெருவே அழுதது. நான் அழவில்லை. வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வைக்கோலைப் பார்த்தபடி நின்றேன்.

"கல்லு மனசுடி உன் பொண்ணுக்கு" என்று யாரோ அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

மாசியில் ஒரு நாள் தறியில் உட்கார்ந்திருந்தபோது கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. எனக்கே காரணம் புரியவில்லை. மூக்கில் எங்கள் வீட்டு வாசனை அடித்தது. அப்போதுதான் விளங்கியது. இது தை மாச அழுகை. லேட்டாக வந்திருக்கிறது.

எங்க வீட்டுக்காரர் நாடாவை நிறுத்தினார். பட்டில் தண்ணீர் படக் கூடாது. தோளில் கிடந்த துண்டை என் பக்கம் போட்டார். துடைத்துக்கொண்டேன். மறுபடி நெய்தோம்.

அவரோடு எனக்குக் கஷ்டம் இல்லை. அவரும் பேசமாட்டார். காலால் மிதிப்பார், நூல் திறக்கும், நாடா போகும், நான் என் நாடாவை விடுவேன். தறியில் ஒண்ணு சொல்லி இன்னொண்ணை நினைக்கிற வேலை கிடையாது. கஷ்டம் எல்லாம் தறியை விட்டு எழுந்த பிறகுதான்.

வீட்டுக்கு யாராவது வந்தால் சாப்பிடச் சொல்லணும். அவர்கள் "வேணாம்மா" என்பார்கள். நான் சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

"வேணான்னா வேணான்னு அர்த்தமாடி? திருப்பி கேக்கணும்" என்றாங்க அத்தை.

"எத்தினி வாட்டி அத்தை?"

"எத்தினி வாட்டியா? மூஞ்சியப் பாத்தா தெரியாது உனக்கு?"

"தெரியல அத்தை."

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்தாங்க. நான் கிண்டல் பண்ணவில்லை. அதற்குப் பிறகு மூன்று வாட்டி கேட்பது என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். வயிற்றுப்புண் உள்ள ஒரு பெரியவர் வந்தார். மூன்று வாட்டி கேட்டேன், மூன்று வாட்டியும் மாட்டேன் என்றார், கணக்கு முடிந்தது என்று இலையில் ரெண்டு மிளகாய் பஜ்ஜி போட்டுவிட்டேன். அதற்கும் திட்டு.

இன்னொன்று. எனக்கு ஆட்களை மூஞ்சியை வைத்துக் கண்டுபிடிக்க வராது. கட்டியிருக்கிற சேலையை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். கரை என்ன, நிறம் என்ன, கொசுவம் எப்படி. ஒரு நாள் கோயில் கூட்டத்தில் அத்தை எதிரே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாங்களாம். நான் தாண்டிப் போய்விட்டேன். அன்றைக்கு அவங்க மகள் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாங்க. எனக்குத் தெரியாது.

"மாமியாரையே அடையாளம் தெரியலியாம் மகாராணிக்கு. நாலு பேரு பாத்துகினு நிக்கறாங்க. என் மானமே போச்சு" என்று அன்றைக்குப் பூரா சொன்னாங்க.

சத்தமும் அப்படித்தான். தெருப்பூரா தறி ஓடும். அந்தச் சத்தம் என்னை ஒண்ணும் செய்யாது. அதில் தூங்கக்கூட முடியும். ஆனால் ஒரு எவர்சில்வர் தட்டை இன்னொரு தட்டின் மேல் இழுத்து வைத்தால் பல்லெல்லாம் கூசும். காதைப் பொத்திக்கொள்வேன். ஏதோ சொல்லும்போது நான் வேண்டுமென்றே காதைப் பொத்துகிறேன் என்று அத்தை எடுத்துக்கொண்டாங்க.

இதெல்லாம் சின்ன விஷயம்தான். ஆனால் அடுத்து எங்கே தப்புவேன் என்று எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு சட்டம் இருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. உடைத்த பிறகுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவேன். அறுந்த பட்டு நூல் ஒரு துண்டு இடுப்பில் செருகி வைத்திருப்பேன். அதை விரலில் சுற்றுவேன், அவிழ்ப்பேன், திரும்பச் சுற்றுவேன். அதற்கும் ஒரு பேச்சு வந்தது. மருமகள் ஏதோ மந்திரம் பண்ணுகிறாள் என்று.

இதற்கெல்லாம் ஒரு பேர் இருக்கிறது என்று கிழவியான பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேத்தியைக் காட்ட மெட்ராஸ் போயிருந்தோம். டாக்டரம்மா மருமகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். குழந்தை கண்ணைப் பார்த்துப் பேசுகிறதா? சொல்கிறதை அப்படியே எடுத்துக்கொள்கிறதா? சில சத்தம் தாங்கவில்லையா? ஒரே விஷயத்தில் மணிக்கணக்காக உட்காருகிறதா? அழவேண்டிய இடத்தில் அழாமல் இருந்துவிட்டு வேறே நாளில் அழுகிறதா? மருமகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று மனசுக்குள் சொன்னேன். ஆஸ்பெர்கர் என்று முன்னே சொல்வார்களாம். இப்போது ஆட்டிசத்தோடு சேர்த்துவிட்டார்களாம். வியாதி இல்லை, மூளை வேறே மாதிரி வேலை செய்கிறது, அவ்வளவுதான் என்றார். குழந்தைக்கு மனசு இல்லை என்று நினைக்காதீங்க, வெளியே தெரிகிற விதம்தான் வேறே என்றார்.

அந்தப் பேர் அன்றைக்கு ஆரணியில் யாருக்கும் தெரியாது. தெரிந்த பேர் திமிர். இன்னொரு பேர் லூசு.

எல்லாம் முற்றியது ஆனி மாசத்தில். என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளை வீட்டில் எல்லாரும் பாப்பா என்போம். தெள்ளார்ப் பக்கம் ஒரு நெசவு வீடு. ரெண்டு தறி. ஆடிக்கு முன்னால் பேசி முடித்துவிடணும் என்று அத்தைக்கு அவசரம்.

காலையிலேயே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாங்க. "இங்க பாரும்மா. நீ வாயத் தொறக்காத. யாரனா கேட்டா மட்டும் பதில் சொல்லு. சிரிச்ச மூஞ்சா இரு."

ரெண்டும் செய்தேன். வாயைத் திறக்கவில்லை. சிரித்தபடி கதவோரம் நின்றேன். ரொம்ப நேரம் சிரித்ததில் தாடை வலித்தது.

பாப்பா நமஸ்காரம் பண்ணினாள். கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை, அரக்குக் கரை. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கரை கண்ணுல ஒத்திக்கலாம் போல கீது. பொண்ணு கையா?"

"எல்லாம் அவதான்" என்றாங்க அத்தை. "தறிய வுட்டு எழவே மாட்டா. சாப்ட கூப்ட்டாகூட ஏன் கூப்புட்றீங்கம்பா."

நான் பாப்பாவைப் பார்த்தேன். பாப்பா தரையைப் பார்த்தாள்.

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற? நாத்தனார் நல்லா நெய்யுமா?"

கேட்டுவிட்டார். கேட்டால் பதில் சொல்லணும்.

"இந்தச் சேலைக்குக் கரை போட்டது நானுங்க" என்றேன். "பாப்பா தறியில ஒக்காந்தா முதுகு வலிக்குதுன்னு எழுந்து போய்டும். கோலம் நல்லா போடும்."

கோலத்தைச் சேர்த்தது நல்லதுக்குத்தான். காபித் தம்ளர் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சீக்கிரமே எழுந்தார்கள். "ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்" என்றார்கள்.

பாப்பா உள்ளே ஓடிப்போய்ப் பாயில் விழுந்தாள். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாங்க. அவங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "சொல்லி அனுப்பறோம்னு சொன்னாங்களே அத்தை" என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "இதுக்கு மேல என்னைப் பேச வைக்காதம்மா. உள்ள போ."

எங்க வீட்டுக்காரர், "அவளக் கேட்டாங்க. அவ சொன்னா" என்றார். அவர் அவ்வளவு பேசியதே அதிகம்.

"ஆமாண்டா, பொண்டாட்டிக்குச் சப்போர்ட்டு! ஒரு பொண்ணோட வாழ்க்கைடா. கல்யாணப் பேச்சுல பேசறத எல்லாம் மெய்யின்னு யாராவது நெனப்பாங்களா? கொஞ்சம் ஏத்தித்தாண்டா சொல்லுவாங்க."

எனக்கு அது புதுசு. "என்னைப் பாக்க வந்தப்ப, எம் புள்ள தங்கம், வாயே தொறக்க மாட்டான்னு சொன்னீங்களே அத்தை. அதுவும் ஏத்திச் சொன்னதா?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அது ஒண்ணுதான் மெய்யி" என்று சொல்லிவிட்டு அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டாங்க. தோள் குலுங்கியது. அழுதாங்களா சிரித்தாங்களா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

தெள்ளாரிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பாப்பா என்னோடு பேச்சை நிறுத்தினாள். பேசினால், "என் தலையெழுத்தக் கிழிச்சிப் போட்டியே அண்ணி" என்பாள். நான் வைத்த சாதத்தைத் தொடமாட்டாள். மாமனார் சாயப் பட்டறைக்குக் காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். அவருக்கு இதில் எல்லாம் தலையிடுகிற பழக்கம் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் மூன்று பெண்கள். ஒருத்தி அழுவாள், ஒருத்தி திட்டுவாள், நான் நூலைச் சுற்றுவேன்.

ஆடி பிறந்தது. புதுசாகக் கல்யாணம் ஆன பெண் ஆடியில் மாமியார் வீட்டில் இருக்கக் கூடாது. தாய் வீட்டார் சீர் கொண்டு வந்து அழைத்துப் போவார்கள். ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து திரும்ப அழைத்துக்கொள்ளணும். அழைக்காமல் பெண் தானாகப் போகக் கூடாது. பெற்றவர்கள் கொண்டுபோய் விடவும் கூடாது. இந்தச் சட்டம் எனக்கே தெரியும். இதைச் சின்ன வயசிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள்.

அன்றைக்குத்தான் அத்தை சமையல்கட்டில் வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டாங்க.

மனசில் என்ன இருக்கிறது என்று திடீரென்று யாராவது கேட்டால் எனக்கு உள்ளே ஒண்ணும் தென்படாது. வெறும் பானைக்குள் கையை விட்ட மாதிரி இருக்கும். இல்லாமல் இல்லை. வந்து சேர நாளாகும். அது எனக்கே அப்போது தெரியாது. அத்தைக்கு எப்படித் தெரியும்?

"தெரியல" என்றேன். அத்தை தலையை மட்டும் ஆட்டினாங்க. திரும்பிப் பார்த்தால் கதவுக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர் நின்றிருந்தார். கேட்டுவிட்டார். தறிக்குப் போய்விட்டார். ஆடி விருந்துக்கு அவரும் எங்களோடு தேசூர் வரவேண்டும். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தேசூர் வந்தேன்.

"மாப்ள ஏன் வரல? சண்டையா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்ல" என்றேன். சண்டை இல்லை. அதுவும் நெஜம்.

தேசூரில் முதல் நாட்கள் நன்றாகத்தான் இருந்தது. பதினெட்டாம் பெருக்கு போனது. யாரும் என்னை ஒண்ணும் கேட்கவில்லை. ஒரு நாள் அம்மாவுக்கு ஜுரம். நைனாவோடு நான் கரைக்கு உட்கார்ந்தேன். நைனா வேகமாக நெய்வார். மிதிக்கும் மிதிக்கும் இடையில் மூச்சு விட இடம் இருக்காது. நான் அந்த வேகத்தில் வளர்ந்தவள். ஆனால் என் கை அன்றைக்குக் காத்துக்கொண்டு நின்றது. நாடாவைப் பிடித்துக்கொண்டு வேறே ஒரு மிதிக்குக் காத்து நின்றது. எங்க வீட்டுக்காரர் மிதி. மெதுவாக வரும். வருவதற்கு முன்னால் பலகை லேசாக முனகும்.

"இன்னாம்மா தூங்கிட்டியா?" என்றார் நைனா.

அப்போது தெரிந்துவிட்டது. எனக்கு ஆரணிக்குப் போகணும்.

கூடவே பயமும் வந்துவிட்டது. தறியில் பாவு பாதி நெய்தபடி நிற்க விட்டு வந்திருக்கிறேன். தறியை ஒரு மாசம் சும்மா போட முடியாது. என் இடத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வேறே ஒரு பெண்ணின் கை அந்தக் கரையில் ஓடும். முதலில் கொஞ்சம் மாறும், பிறகு இழுப்பு பழகிவிடும். பழகிவிட்டால் என் கை எதற்கு? என் கைக்காகத்தானே எடுத்தார்கள். வாயால் கெட்டாயிற்று. கையும் வேண்டாம் என்றால் என்னிடம் வேறே என்ன இருக்கிறது? நூல் சுற்றிச் சுற்றி விரல் நுனி நீலமாகிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லணும் என்று தோன்றவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஆவணி பிறந்தது. முதல் நாள் அம்மா வாசல் தெளித்து, நாலு பேருக்குச் சேர்த்து உலை வைத்தாள். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வைத்தாள். அப்புறம் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

எதிர் வீட்டு அம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்று, "ஏம்மா, ஆவணி பொறந்துடுச்சே. உன்ன இன்னும் அழைச்சிகினு போவலியா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

"இனிமே வருவாங்களா?"

"தெரியலீங்க."

அது தெருவுக்கே போதுமாக இருந்தது. சாயந்தரத்துக்குள் நான் வாழாவெட்டி. அம்மா அழுதுகொண்டே வேலை செய்தாள். நைனாவுக்குத் தறியில் நூல் நூலாக அறுந்தது. அறுந்ததை முடிச்சுப் போடுவார், திரும்ப அறுந்துபோகும்.

கடைசியில் அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். "கெளம்பறப்ப அங்க எதனா பேசினியாடி? ஒண்ணு விடாம சொல்லு."

ஒண்ணு விடாமல் சொன்னேன். அத்தை கேட்டது, நான் சொன்னது, அவர் கதவருகில் நின்றது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி மவளே! மாமியாக்காரி எறங்கி வந்து கேக்கறா, இஷ்டம்னு ஒரு வார்த்த வாயில வராதா உனக்கு? அவுங்க இன்னா நெனச்சிருப்பாங்க? இவளுக்குப் புடிக்கலன்னுதான நெனச்சிருப்பாங்க! நீயா சொல்லி அனுப்புவன்னு அவுங்க அங்க குந்திகினு கீறாங்க. அவுங்க வருவாங்கன்னு நாம இங்க குந்திகினு கீறோம்!"

"அப்ப தெரியலம்மா."

தறியில் இருந்த நைனா கையை நிறுத்தினார். "இப்ப தெரியுமா?"

"தெரியும்."

"இன்னா?"

"போவணும் நைனா."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"அம்மாவுக்கு ஜொரம் வந்த அன்னிக்கு."

"அத ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கல."

நைனா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நான் அவர் வேட்டிக் கரையைப் பார்த்தேன்.

"சரி. இத யாரு போய் சொல்றது?" என்றாள் அம்மா. "நாம போனா பொண்ண கொண்டாந்து தள்ளறாங்கன்னு பேரு. ஆள் அனுப்புனா கெஞ்சறாங்கன்னு பேரு."

"நான் போறேன்" என்றேன். "என்னைத்தான கேட்டாங்க."

"கூப்டாத வூட்டுக்கா? தனியாவா? ஊரு சிரிக்கும்டி."

"ஊரு இப்பவே சிரிக்குது" என்றார் நைனா. எழுந்து சட்டையை மாட்டினார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் அவர் வந்தார். அதற்கு மேல் வந்தால் கொண்டுவந்து விட்டதாகிவிடும். நான் தனியாக பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. வழியில் சேத்துப்பட்டில் இறங்கி ஆரணி பஸ் மாறணும். கூட்டம். பக்கத்து ஆள் முழங்கை என் மேல் பட்டுக்கொண்டே இருந்தது. ஹாரன் சத்தம் மண்டைக்குள் குத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு இஷ்டம். அப்போ தெரியல. இப்போ தெரியுது. எனக்கு இஷ்டம். அப்போ தெரியல.

"எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"எனக்கு இஷ்டம்" என்றேன்.

"இஷ்டம்னா டிக்கெட்டு இல்லாம வுட்டுட முடியுமா? எந்த ஊருக்கு இஷ்டம், அத சொல்லு."

பஸ்ஸே சிரித்தது. "ஆரணி" என்றேன். முதல் வார்த்தையையே தப்பான ஆளிடம் சொல்லிவிட்டேன். அத்தையிடம் போய் நின்றதும் வாய் அடைத்துவிட்டால்? ஒண்ணும் வராமல் நின்றேன் என்றால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வாங்களே.

எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். வீடு வீடாகத் தறிச் சத்தம். எங்கள் வீட்டுச் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மிதி, பலகை முனகல், எல்லாம் இருந்தது. அதன் பின்னால் கரை நாடா போகும் சத்தமும் இருந்தது. என் இடத்தில் யாரோ இருக்கிறார்கள்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். திரும்பிப் போய்விடலாமா என்று கால் யோசித்தது. அப்போது அந்த நாடா தட்டுத் தடுமாறி எங்கேயோ மோதியது. "சனியன் புடிச்ச நாடா!" என்று ஒரு குரல்.

அத்தையின் குரல்.

உள்ளே போனேன். என் இடத்தில் அத்தை உட்கார்ந்திருந்தாங்க. கண் பார்வை மங்கி அவங்க தறியை விட்டு ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. மூஞ்சியைக் கரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தாங்க. நெய்து முடித்த பக்கத்தைப் பார்த்தேன். நான் விட்டுப் போன இடம் வரைக்கும் கரை நேராக இருந்தது. அதற்கு அப்புறம் பாம்பு போன தடம்.

அவர் என்னைப் பார்த்தார். காலை மிதியிலிருந்து எடுத்தார்.

அத்தையும் நிமிர்ந்தாங்க. கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தாங்க. "யாரு? நீயா? யாரு கூப்ட்டா உன்ன?"

"யாரும் கூப்டல."

"யாரு கொண்டாந்து வுட்டா?"

"யாரும் வுடல. பஸ்ல வந்தேன்."

"எதுக்கு வந்த?"

"கேட்டீங்களே அத்தை. பதில் சொல்ல வந்தேன்."

பெட்டியைக் கீழே வைத்தேன். மனப்பாடம் பண்ணிய வரிசை கலைந்துவிட்டது. வந்ததைச் சொன்னேன். "இஷ்டம். அன்னிக்குத் தெரியல. எனக்கு லேட்டாத்தான் தெரியும்."

உள்ளே இருந்து பாப்பாவின் குரல் வந்தது. "வந்துட்டாங்களா? யாருக்கு இன்னா கெடுக்க வந்தாங்களாம்?"

"வாய மூடுடி" என்றாங்க அத்தை. என்னைப் பார்த்தபடியே இருந்தாங்க. நான் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஷ்டமா இல்லியான்னு தெரிய ஒரு மாசமாடி உனக்கு?"

"இல்ல அத்தை. பதினெட்டாம் பெருக்கு கழிச்சி தெரிஞ்சிடுச்சி. அப்பறம் யாரும் கேக்கல."

அவர் வாய்க்குள் ஒரு சத்தம் வந்தது. சிரித்ததாகப் பிறகு சொன்னார்.

"கோடித் தெருவுல ரெண்டு பொண்ணுங்க கரை போட வரேன்னு கேட்டுச்சிங்க" என்றாங்க அத்தை. யாரிடம் சொல்கிறாங்க என்று தெரியாத மாதிரி, நூலைப் பார்த்துச் சொன்னாங்க. "இவன் வேணாம்ட்டான். எனக்கும் வேற ஆள ஒக்கார வெக்க மனசு வரல. அதான் நானே ஒக்காந்து இந்தச் சேலைய நாசம் பண்ணிகினு கீறேன்." பிறகு கையை நீட்டினாங்க. "தூக்கி வுடு. கால் மரத்துப் போச்சு."

யாராவது என்னைத் தொட்டால் எனக்குத் தோல் எரியும். அத்தைக்கும் அது தெரியும். எத்தனையோ வாட்டி கையை உதறியிருக்கிறேன். அன்றைக்குப் பிடித்துத் தூக்கினேன். கனமாக இருந்தாங்க. எழுந்த பிறகும் என் கையை உடனே விடவில்லை. விடட்டும் என்று காத்திருந்தேன்.

"கால் கழுவிட்டு வா" என்றார் அவர். "நூல் அறுந்து கெடக்குது."

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். எவர்சில்வர் தட்டு இப்போதும் கூசும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போவதும் முழுசாக நிற்கவில்லை. பாப்பாவை அடுத்த தடவை பெண் பார்க்க வந்தபோது அத்தை என்னைத் தறியை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டாங்க.

"யாரனா எதனா கேட்டா, தறி சத்தத்துல காது கேக்கலன்னு தலைய ஆட்டிடு."

"காது கேக்குமே அத்தை."

"ஐயோ, கடவுளே. அப்ப அவுங்க போறவரைக்கும் தறிய நிறுத்தாத. ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்."

நிறுத்தவில்லை. பாப்பா ஒரு மளிகைக் கடை வீட்டுக்குப் போனாள். அங்கே தறி கிடையாது. இன்றைக்கு வரைக்கும் அவள் என்னிடம் பேசும் முதல் வார்த்தையில் ஒரு முள் இருக்கும். எனக்கு உடனே தெரியாது. ரெண்டு நாள் கழித்துக் குத்தும்.

எண்பதுகளில் எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தபோது வீட்டில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. பெரிய விஷயம் எதுவானாலும் அத்தை என்னிடம் முதலில் கேட்டு வைத்துவிடுவாங்க. நான் வாயைத் திறந்தால், "இப்ப சொல்லாத. வெள்ளிக்கிழமை சொல்லு" என்பாங்க. வெள்ளிக்கிழமை மறக்காமல் வந்து நிற்பாங்க. யாராவது அவசரப்படுத்தினால், "அவளுக்கு வந்து சேரணும், இரு" என்பாங்க. டாக்டரம்மா அவ்வளவு நேரம் சொன்னதை அத்தை இந்த நாலு வார்த்தையில் சொல்லி முடித்தாங்க.

அந்தக் கோணல் கரைச் சேலையை முதலாளி தொடவில்லை. கூலியில் பிடித்துக்கொண்டு எங்களிடமே கொடுத்துவிட்டார். அத்தை அதை எடுத்துக்கொண்டாங்க. நல்லது கெட்டதுக்கு, கோயிலுக்கு, தேருக்கு, எல்லாவற்றுக்கும் அதைத்தான் கட்டினாங்க. மகள் வேறே நல்ல புடவை கொடுத்தால்கூட வேண்டாம் என்றுவிடுவாங்க.

"ஏம்மா, இந்தக் கோணலத்தான் கட்டணுமா? பாக்கறவங்க சிரிக்கறாங்க" என்பாள் பாப்பா.

"சிரிக்கட்டும்" என்பாங்க அத்தை. "கூட்டத்துல இவ என்னத் தாண்டிப் போவாம இருந்தா போதும்."

தாண்டிப் போனதில்லை. தேர்க் கூட்டத்தில்கூட, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், அந்தக் கரை எனக்குத் தெரிந்துவிடும்.